மோட்டாரைக் கடைசியில் வாங்குங்கள்

கேள்வி: கோவை கணபதியில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். பம்ப்செட் முதல் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் மோட்டார் வரை எல்லாம் கை வழியாகப் போகின்றன. ஒருவர் மட்டும் உட்கார்ந்து பறக்கிற சின்ன மின் விமானம் ஒன்று கட்ட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. ஏரோநாட்டிக்கல் படித்த என் அக்கா மகன் உடலையும் இறக்கையையும் பார்த்துக்கொள்கிறேன் என்கிறான். மோட்டாரும் பேட்டரியும் என் பொறுப்பு. ட்ரோன் போல நின்ற இடத்திலிருந்தே எழும்ப வேண்டும் என்பது அவன் கட்சி. ஓடுபாதையில் ஓடி எழும்பினால் போதும் என்பது என் கட்சி. 15 கிலோவாட் பிரஷ்லெஸ் மோட்டார் ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கலாமா? விபத்தில் அடிபட்ட எலக்ட்ரிக் கார்களின் பேட்டரியைப் பிரித்து அந்த செல்களைப் போடலாமா? எத்தனை வோல்ட்டில் வைப்பது? ஒரு மணி நேரமாவது பறக்குமா?

— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்ற மூன்றுக்கும் விடை அதற்குள் இருக்கிறது.

எத்தனை நிமிடம் பறக்கலாம் என்பதில் மோட்டாருக்குப் பங்கு மிகக் குறைவு. இன்றைய நல்ல மோட்டார் எதுவானாலும் வாங்கும் மின்சாரத்தில் 90 சதவீதத்துக்கு மேல் தண்டுக்குக் கொடுத்துவிடும். எவ்வளவு செலவழித்தாலும் அதில் இன்னும் நாலைந்து சதவீதம்தான் கறக்க முடியும். நிமிடங்களை முடிவு செய்வது எடையும் இறக்கையும் பேட்டரியும். ஆகவே கணக்கை எடையில் தொடங்கி, பேட்டரி, புரொப்பெல்லர் என்று வந்து மோட்டாரில் முடிக்க வேண்டும். மலிவாகக் கிடைத்தது என்று மோட்டாரை வாங்கி வைத்துக்கொண்டு அதற்கேற்ப விமானம் தேடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு கண்காட்சிப் பொருளைக் கட்டி முடிக்கிறார்கள்.

உங்கள் வண்டிக்கே போட்டுப் பார்ப்போம். இறக்கை, உடல், சக்கரம் எல்லாம் சேர்த்து 110 கிலோ. மோட்டார், கண்ட்ரோலர், புரொப்பெல்லர் 20 கிலோ. ஆள், பாராசூட், உடைகள் 90 கிலோ. பேட்டரிக்கு இப்போதைக்கு 60 கிலோ என்று ஒதுக்கி வைப்போம். மொத்தம் 280 கிலோ. ஓரளவு நீளமான இறக்கை வைத்தால் எடையில் பதினைந்தில் ஒரு பங்கு இழுவையோடு பறக்கலாம். விமானக்காரர்கள் இதைத் தூக்குவிசைக்கும் இழுவைக்கும் உள்ள விகிதம் 15 என்பார்கள். அதாவது 280 கிலோ வண்டியை முன்னால் இழுத்துக்கொண்டே போக 19 கிலோவுக்கும் குறைவான விசை போதும். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் அது 4.6 கிலோவாட். புரொப்பெல்லரில் கால்வாசி, மோட்டாரிலும் கண்ட்ரோலரிலும் எட்டில் ஒரு பங்கு வீணாகும் என்று கழித்தால் பேட்டரியிலிருந்து 7 கிலோவாட் எடுக்க வேண்டும். ஐந்து குதிரைசக்தி கிணற்று மோட்டார் இரண்டு ஓடுகிற அளவு, அவ்வளவுதான்.

மேலே ஏறும்போது கதை வேறு. வினாடிக்கு 2 மீட்டர் ஏற வேண்டுமென்றால் எடையைத் தூக்குவதற்கு மட்டும் இன்னொரு 5.5 கிலோவாட் வேண்டும். வேகம் குறைவாக இருப்பதால் புரொப்பெல்லரும் அப்போது சுமாராகத்தான் வேலை செய்யும். பேட்டரியில் 18 கிலோவாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 600 மீட்டர் ஏற ஐந்து நிமிடம், அதற்கு 1.5 யூனிட். அரை மணி நேரம் நேராகப் பறக்க 3.5 யூனிட். இறங்க இடம் கிடைக்காமல் சுற்ற நேர்ந்தால் இருபது நிமிடக் கையிருப்புக்கு 2.3 யூனிட். ஆக 7.3. பேட்டரியின் அடித்தட்டு ஐந்தில் ஒரு பங்கைத் தொடவே கூடாது. அங்கே வோல்ட்டேஜ் சரியும், செல்லுக்கு வயதாவதற்கும் அதில்தான் இடம் விட வேண்டும். அதையும் சேர்த்தால் 9.1 யூனிட். பெட்டி, பட்டை, வயர் எல்லாம் உட்பட கிலோவுக்கு 160 வாட்-மணி தருகிற பேட்டரியில் இது 57 கிலோ. ஒதுக்கிய 60 கிலோவுக்குள் அடங்கிவிட்டது. அடங்காமல் 75 கிலோ வந்திருந்தால் மொத்த எடையை ஏற்றிவிட்டு முதல் வரியிலிருந்து திரும்பப் போட வேண்டும். எடை கூடினால் மின்சாரம் கூடும், மின்சாரம் கூடினால் எடை கூடும். சில வடிவமைப்புகளில் இந்தக் கணக்கு முடியவே முடியாது. அப்படி முடியாமல் போவதும் ஒரு விடைதான். அந்த விமானத்தைக் கட்டாதீர்கள் என்று அர்த்தம்.

ஆக ஏறுவதற்கு ஐந்து, பறக்க முப்பது, மோட்டாரை அணைத்துச் சறுக்கி இறங்க ஆறு என்று நாற்பது நிமிடம் உங்களுடையது. மணிக்கணக்கில் பறக்கலாம் என்று யாராவது சொன்னால் எடையைக் கேளுங்கள்.

இந்த 57 கிலோ பேட்டரி செய்யும் வேலையைப் பெட்ரோல் எஞ்சினில் செய்ய எவ்வளவு எரிபொருள் வேண்டும் தெரியுமா? ஏறத்தாழ மூன்று லிட்டர். பெட்ரோல் கிலோவுக்கு 12 யூனிட் அளவு ஆற்றல் வைத்திருக்கிறது. எஞ்சின் அதில் முக்கால் பங்கைச் சூடாக வெளியே கொட்டினாலும் மீதமே போதும். அதோடு பெட்ரோல் தீரத் தீர விமானம் இலகுவாகும். பேட்டரி காலியானாலும் அதே 57 கிலோவோடுதான் தரையிறங்க வேண்டும். ஐரோப்பாவின் விமானப் பாதுகாப்பு அமைப்பான இயாசா 2020 ஜூனில் முழுச் சான்றிதழ் கொடுத்த முதல் மின் விமானமான பிப்பிஸ்ட்ரெல் வெலிஸ் எலக்ட்ரோவும் இதற்கு விலக்கல்ல. இரண்டு இருக்கை, 600 கிலோ, கிட்டத்தட்ட 25 யூனிட் பேட்டரி, கையிருப்பு போக அதிகபட்சம் 50 நிமிடம். ஒரு முழு நிறுவனம் பல வருடம் பாடுபட்டுக் கிடைத்தது அது. உங்கள் நாற்பது நிமிடம் குறைவில்லை.

கூடுதலாக வேண்டுமென்றால் வழி உங்களிடம் இல்லை, அக்கா மகனிடம் இருக்கிறது. அவர் இறக்கையை கிளைடர் போல நீட்டி, உடலைக் குறுக்கி, தூக்குவிசை-இழுவை விகிதமான அந்த 15ஐ 25 ஆக்கிக் கொடுத்தால் நேர்ப்பறப்புக்கு 7 கிலோவாட்டுக்குப் பதில் 4.2 போதும். அதே பேட்டரியில் அரை மணிக்கு மேல் கூடும். நீண்ட இறக்கை கொஞ்சம் எடையைத் தின்னும், ஆனாலும் லாபம்தான். 2011இல் நாசா நடத்திய பசுமை விமானப் போட்டியில் பிப்பிஸ்ட்ரெல்லின் டாரஸ் ஜி4 நான்கு பேரை ஏற்றிக்கொண்டு 200 மைல் தூரத்தை இரண்டு மணி நேரத்துக்குள் மின்சாரத்திலேயே பறந்து பரிசை அள்ளியது. இரண்டு மோட்டார் கிளைடர் உடல்களை ஒரே இறக்கையில் பக்கம் பக்கமாகப் பூட்டிய விமானம் அது. பேட்டரி இன்றையதைவிடப் பழையது. இறக்கைதான் ஜெயித்தது.

இனி அக்கா மகனின் ட்ரோன் ஆசை. நின்ற இடத்தில் மிதப்பதற்கு எடை முழுவதையும் காற்றைக் கீழே தள்ளியே தாங்க வேண்டும். இறக்கை, பறக்கும்போது ஒவ்வொரு வினாடியும் பெரும் பரப்பிலுள்ள காற்றைத் தொட்டு லேசாகக் கீழே திருப்பிவிடுகிறது. சின்ன ரோட்டார் தன் வட்டத்துக்குள் வரும் கொஞ்சம் காற்றையே வேகமாக அறைந்து தள்ள வேண்டும். கொஞ்சம் காற்று, நிறைய வேகம் என்றாலே செலவு அதிகம். கணக்கைப் பாருங்கள். அதே 280 கிலோ. நாலு மூலையிலும் மேலொன்று கீழொன்றாக 1.6 மீட்டர் விட்டமுள்ள எட்டு புரொப்பெல்லர். இயற்பியல் விதிப்படி இழப்பே இல்லாவிட்டாலும் 33 கிலோவாட் வேண்டும். நிஜத்தில் 57. இறக்கை வைத்தால் 7, இறக்கை இல்லாவிட்டால் 57. அதே பேட்டரி எட்டு நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும், கையிருப்பு எதுவும் வைக்காமலே.

அவர் யூடியூபில் பார்த்தது அனேகமாக ஸ்வீடனில் பிறந்த ஜெட்சன் ஒன். அது எட்டு மோட்டாரில் 88 கிலோவாட் வரை எடுத்து 20 நிமிடம் பறக்கிறது என்கிறார்கள். வண்டியின் மொத்த எடை நம் கணக்கைவிட மிகக் குறைவு என்பதால் அது முடிகிறது. அந்த எடையைத் தொட கார்பன் ஃபைபரும் பெரிய முதலீடும் வேண்டும். இந்த வகையில் ஆள் ஏறிய முதல் பறப்பு 2011 அக்டோபரில் ஜெர்மனியில் நடந்தது. பதினாறு புரொப்பெல்லர், 90 வினாடி. அதைச் செய்தவர்கள் பின்னால் வோலோகாப்டர் என்ற பெயரில் பெரிய நிறுவனமானார்கள். 2024 டிசம்பரில் திவால் மனு போட்டார்கள். இரண்டையும் சேர்த்து, எழும்ப ரோட்டார், பறக்க இறக்கை என்று போகிறவர்களும் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் 2019இல் முளைத்த ஈபிளேன் நிறுவனத்தின் பாதை அது. பட்டறையில் தொடங்குகிறவருக்கு நான் அதையும் சொல்லமாட்டேன். இரண்டு விமானத்தின் சிக்கலை ஒரே விமானத்தில் சுமக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று. 300 மீட்டர் உயரத்தில் உங்கள் மோட்டார் நின்றால் இறக்கை விமானம் நாலரை கிலோமீட்டர் சறுக்கி ஒரு வயலைத் தேடிக்கொள்ளும். ட்ரோன் வண்டி மின்சாரம் முழுக்கப் போனால் விழும். ராக்கெட்டில் வெடித்து விரியும் பாராசூட் வைத்திருந்தாலும் அது விரியக் கொஞ்சம் உயரம் வேண்டும், அந்த வண்டிகளோ பெரும்பாலும் தாழ்வாகத்தான் பறக்கின்றன. உங்கள் வீட்டு வழக்கில் என் தீர்ப்பு உங்கள் பக்கம்.

சரி, பேட்டரி. உங்கள் உழைப்பில் பாதிக்கு மேல் இங்கேதான் போகும், போக வேண்டும்.

கார் செல்கள் வேண்டாம். பழையது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. அது எத்தனை முறை சார்ஜ் ஆனது, விபத்தில் எந்த செல் நசுங்கியது, எது ஒருமுறை அதிகச் சூடு கண்டது என்று உங்களுக்குத் தெரியாது. சீரிஸில் கோத்த செல்களில் மிகவும் பலவீனமானது எப்போது படுத்துவிடுகிறதோ அப்போது முழுப் பேட்டரியும் படுத்துவிடும். சாலையில் என்றால் ஓரம் கட்டலாம். பெஞ்சில் மோட்டாரை ஓட்டிப் பார்க்க, வெட்டவெளியில், அந்த செல்களைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். பறக்கப் புதியவை, ஒரே தயாரிப்புத் தொகுதியைச் சேர்ந்தவை. ஒவ்வொன்றின் உள்தடையையும் அளந்து, எண் ஒட்டி, நோட்டில் குறித்து, சராசரியிலிருந்து விலகுகிறதை ஒதுக்கிவிடுங்கள்.

21700 என்ற அளவுள்ள உருளை செல்களில் அதிகக் கரண்ட் கொடுக்கும் ரகம் 70 கிராம் எடையில் 16 வாட்-மணி தரும். இன்னும் அதிக ஆற்றல் வைத்திருக்கும் ரகமும் கிடைக்கும், ஆனால் வேகமாகக் கொடுக்கத் திணறும். இதில் 28ஐ சீரிஸாகவும் 20ஐ பேரலலாகவும் கட்டினால் 560 செல், 9.1 யூனிட். செல்கள் மட்டும் 39 கிலோ. மிச்சம் 18 கிலோ பெட்டி, செம்புப் பட்டை, காப்பு, கருவிகள். புதிதாகக் கட்டுகிறவர்கள் இந்தப் பதினெட்டைத்தான் கணக்கில் விட்டுவிடுகிறார்கள். செல்லின் விளம்பர எண்ணை வைத்து விமானம் வரைந்தால் பேட்டரி ஒன்றரை மடங்கு கனத்து வந்து நிற்கும்.

ஏறும்போது 100 வோல்ட்டில் 180 ஆம்பியர். ஒரு செல்லுக்கு 9 ஆம்பியர். உள்தடை 15 மில்லிஓம் என்றால் செல்லுக்கு ஒன்றேகால் வாட், மொத்தம் 700 வாட் அளவுக்கு வெப்பம் பெட்டிக்குள்ளேயே பிறக்கிறது, ஒரு இஸ்திரிப் பெட்டிக்குக் கொஞ்சம் குறைவாக. ஐந்து நிமிடத்தில் அது செல்களை ஐந்து டிகிரி அளவுக்கு ஏற்றும். அப்புறம் நேர்ப்பறப்பில் வெப்பம் நூறு வாட்டுக்கு இறங்கிவிடும். அதனால் உங்களுக்கு நீர்க்குளிர்ச்சி தேவையில்லை, நன்றாகத் திட்டமிட்ட காற்றோட்டம் போதும். ஆனால் சித்திரை வெயிலில் தகர ஷெட்டுக்குள் நின்ற வண்டி கிளம்பும்போதே 45 டிகிரியில் இருக்கும் என்பதைக் கணக்கில் எடுங்கள். இறங்கியதும் சூடு ஆறாமல் சார்ஜரைச் சொருகாதீர்கள்.

தீ. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். லித்தியம் செல் ஒன்று உள்ளே ஷார்ட் ஆனால் தானே சூடேறி, வாயுவைக் கக்கி, பக்கத்து செல்லைக் கொளுத்தும். அது அதற்கடுத்ததை. 2013 ஜனவரியில் போயிங் 787 விமானங்கள் உலகம் முழுக்கத் தரையில் நின்றதற்கு இதுதான் காரணம். எக்ஸ்-57 என்ற மின் விமானத்துக்காக நாசா 2016இல் செய்த சோதனையில் வேண்டுமென்றே ஒரு செல்லைக் கெடுத்தார்கள். தீ அங்கேயே நிற்கவில்லை. பேட்டரியைத் திரும்ப வடிவமைத்தார்கள். கடைசியில் அந்த விமானம் வேறு காரணங்களால் ஒருமுறைகூடப் பறக்காமல் 2023இல் கைவிடப்பட்டது. நாசாவுக்கே அந்தப் பாடு. நீங்களும் இரண்டு நாலு செல் கொண்ட சின்னத் தொகுப்பு செய்து, ஒரு செல்லை ஹீட்டர் சுற்றிக் கெடுத்து, பக்கத்து செல் தப்புகிறதா என்று பார்க்காமல் 560 செல் கட்டாதீர்கள். வெட்டவெளி, தூரம், முகக் கவசம், காற்றுக்கு எதிர்ப்பக்கம். செல்களுக்கு நடுவே இடைவெளி விடுங்கள், மைக்கா தகடு வையுங்கள், கக்கும் வாயு ஆள் உட்காரும் இடத்துக்கு வராமல் நேராக வெளியே போக ஒரு வழி கொடுங்கள். பேரலலில் உள்ள ஒவ்வொரு செல்லுக்கும் தனியாக மெல்லிய ஃப்யூஸ் கம்பி. ஒன்று ஷார்ட் ஆனால் மற்றவை தங்கள் கரண்ட்டை அதன்மேல் கொட்டாமல் கம்பி அறுந்து காப்பாற்றும். பேட்டரியை இருக்கைக்கு அடியில் வைக்கவே வைக்காதீர்கள்.

560ஐ ஒரே பெட்டியாகவும் கட்டாதீர்கள். 280, 280 என்று இரண்டு தனிப் பெட்டி, தனித்தனி கன்டாக்டர், தனித்தனி ஃப்யூஸ். ஒன்று கழன்றாலும் இன்னொன்று உங்களைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். வெலிஸிலும் இப்படி இரண்டு பேட்டரிதான். ஒன்று பழுதானால் தானே விலகிக்கொள்ளும், மற்றொன்றின் பலத்தில் ஏறிப் பறக்கவும் முடியும். கன்டாக்டரும் ஃப்யூஸும் டி.சி.க்கு என்றே செய்தவையாக இருக்கட்டும். உங்கள் அலமாரியில் கிடக்கும் ஏ.சி. கன்டாக்டர் 100 வோல்ட் டி.சி.யில் 180 ஆம்பியரைத் திறந்தால் பொறி அணையாமல் முனைகளை உருக்கிவிடும். இது உங்களுக்குத் தெரியாததல்ல, ஆனால் கையில் இருப்பதைப் போட்டு ஒருமுறை ஓட்டிப் பார்ப்போம் என்று தோன்றும். கண்ட்ரோலரின் கெப்பாசிட்டர்களை முதலில் மெதுவாக நிரப்ப ஒரு பிரீசார்ஜ் ரெசிஸ்டரும் வேண்டும்.

செல்களைக் கண்காணிக்கும் பி.எம்.எஸ். விஷயத்தில் ஸ்கூட்டர் பழக்கத்தை விடுங்கள். ஸ்கூட்டரின் பி.எம்.எஸ். ஒரு செல் வரம்பு தாண்டினால் பட்டென்று மின்சாரத்தை வெட்டும். பேட்டரியைக் காப்பாற்றுவது அதன் வேலை. முப்பது மீட்டர் உயரத்தில், ஓடுபாதை முடிந்து மரங்கள் வருகிற நேரத்தில் அது பேட்டரியைக் காப்பாற்றினால் உங்களை யார் காப்பாற்றுவது? விமானத்தில் பி.எம்.எஸ். அளக்கட்டும், விளக்கெரியட்டும், கத்தட்டும். வெட்டுவது உங்கள் கையில் இருக்கட்டும். ஒரு செல் கெட்டாலும் பரவாயில்லை, மூன்று நிமிடம் மின்சாரம் கிடைத்தால் இறங்கிவிடலாம்.

வோல்ட் கேள்விக்குச் சுருக்கமான விடை, 100க்குப் பக்கத்தில். 48 வோல்ட்டில் இதே சக்திக்கு 375 ஆம்பியர் ஓடும், கேபிளே எடையைத் தின்றுவிடும். வெலிஸ் போல 345 வோல்ட்டுக்குப் போனால் கேபிள் மெலியும், ஆனால் காப்பும் கருவிகளும் வேறு தரத்துக்குப் போக வேண்டும், தொட்டால் ஆள் பிழைப்பதும் சந்தேகம். 20 கிலோவாட்டுக்கு அது தேவையற்ற ஆபத்து. 28 சீரிஸ் என்றால் நிறைந்த நிலையில் 117 வோல்ட், சோர்ந்த நிலையில் 90க்குக் கீழே. இந்த 117உம் உயிருக்கு ஆபத்தானதுதான், கையுறை இல்லாமல் திறக்காதீர்கள். கண்ட்ரோலர் வாங்கும்போது 117க்கு மேல் இன்னும் நல்ல இடைவெளி விட்டு வாங்குங்கள். காரணம், இறங்குமுகத்தில் வேகம் பிடித்தால் காற்றே புரொப்பெல்லரைச் சுழற்றி மோட்டாரை ஜெனரேட்டர் ஆக்கும். பேட்டரி நிறைந்திருந்தால் அந்த மின்சாரம் போக இடமில்லாமல் வோல்ட்டேஜ் எகிறும். கண்ட்ரோலரில் ரீஜெனரேஷனை முழுக்க அணைத்துவிடுவது நல்லது.

இப்போது மோட்டாருக்கு வரலாம். அதற்கு முன் புரொப்பெல்லர். தண்டில் 16 கிலோவாட்டை வைத்துக்கொண்டு 1 மீட்டர் புரொப்பெல்லரைச் சுழற்றினால், நின்ற நிலையில் 63 கிலோ அளவுக்கு இழுக்கும். 1.5 மீட்டர் என்றால் 83 கிலோ. மின்சாரம் ஒரு வாட்கூடக் கூடவில்லை. ஆகவே சக்கரத்தின் உயரம் அனுமதிக்கும் வரை பெரிய புரொப்பெல்லர், மெதுவான சுழற்சி. 1.5 மீட்டருக்கு நிமிடத்துக்கு 2,200 சுற்று போதும். சத்தமும் குறையும். கோவை கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டர் உயரம், மே மாதத்தில் 38 டிகிரி. காற்றின் அடர்த்தி பாடப்புத்தகத்தில் இருப்பதைவிட எட்டில் ஒரு பங்கு குறைவு. பெட்ரோல் எஞ்சின் அங்கே மூச்சு வாங்கும், உங்கள் மோட்டார் வாங்காது. ஆனால் இறக்கையும் புரொப்பெல்லரும் வாங்கும், ஓடுபாதை கூடுதலாக வேண்டும்.

2,200 சுற்றில் 16 கிலோவாட் என்றால் முறுக்குவிசை 69 நியூட்டன் மீட்டர். சார்ஜ் குறைந்த 90 வோல்ட்டிலும் அந்தச் சுற்று வர வேண்டும், ஆகவே சுமையில்லாமல் வோல்ட்டுக்கு 28 சுற்று என்ற கணக்கில் வைண்டிங். இந்த இரண்டு எண்ணும்தான் உங்கள் மோட்டாரின் ஜாதகம். விலைக்கு வரும் 15 கிலோவாட் மோட்டாரின் விற்பனையாளரிடம் இவற்றைக் கேளுங்கள். கூடவே அந்த 15 கிலோவாட் எத்தனை நேரத்துக்கு என்று கேளுங்கள். ஸ்கூட்டர், பைக் மோட்டார்களில் எழுதியிருப்பது பெரும்பாலும் சிக்னலில் சீறிக் கிளம்புகிற சில வினாடிகளுக்கான உச்சம். உங்களுக்கு அது ஐந்து நிமிடம் இடைவிடாமல் வேண்டும். வெலிஸின் மோட்டாரே உச்சத்தில் 57.6, தொடர்ந்து ஓடுவதற்கு 49.2 கிலோவாட் என்று இரண்டு எண் போட்டுத்தான் சான்றிதழ் வாங்கியது. ஒரே ஒரு எண்ணோடு வருகிற மோட்டாரை நான் வாங்கமாட்டேன்.

நீங்களே சுற்றிக்கொள்ளலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கும். சுற்றலாம், மற்றவர்களைவிட நன்றாகவே சுற்றுவீர்கள். எச் கிளாஸ் காப்பு, ஸ்லாட்டை நெருக்கி நிரப்பிய செம்பு, வெற்றிடத்தில் ஏற்றிய வார்னிஷ் எல்லாம் உங்கள் கைப்பழக்கம். ஆனால் ஸ்டேட்டர் இரும்பில் பம்ப் பழக்கம் உதவாது. பம்ப் மோட்டார் 50 ஹெர்ட்ஸில் ஓடுவது, அதற்கு அரை மில்லிமீட்டர் தகடு சரி. மெதுவாகச் சுழன்றாலும் இந்த வகை மோட்டாரில் காந்தங்கள் அதிகம். 20 ஜோடி துருவம் இருந்தால் 2,200 சுற்றில் இரும்புக்குள் 730 ஹெர்ட்ஸுக்கு மேல் ஓடும். அரை மில்லிமீட்டர் தகடு அதில் வறுபட்டுவிடும், 0.2 மில்லிமீட்டர் தகடு தேடுங்கள். காந்தத்தின் தரத்தையும் விசாரியுங்கள். சாதாரண நியோடிமியம் 80 டிகிரியில் தளர ஆரம்பிக்கும், எஸ்.எச். என்று முடிகிற ரகம் 150 வரை தாங்கும். பேரிங் இன்னொரு விஷயம். ஸ்கூட்டர் மோட்டாரின் பேரிங் தண்டை முன்னால் பிடித்து இழுக்கும் 80 கிலோ விசைக்குச் செய்ததல்ல. விமானத்தின் மூக்கைத் திருப்பும்போதெல்லாம் சுழலும் புரொப்பெல்லர் தண்டை வளைக்கவும் பார்க்கும். முன்பக்கம் தனி பேரிங் வீடு கட்டி, அந்தச் சுமையை மோட்டாருக்குப் போகாமல் உடலுக்கு இறக்குங்கள். ஹால் சென்சார் ஒன்று போனால் நின்றுவிடுகிற கண்ட்ரோலரும் வேண்டாம், சென்சார் இல்லாமலும் ஓட்டத் தெரிந்தது வேண்டும்.

எல்லாம் கட்டியபின், பறப்பதை மறந்துவிட்டு, மோட்டாரை ஒரு டிரெய்லரில் பூட்டி, தராசு வைத்து இழுவிசையை அளந்து, முழு நாற்பது நிமிடக் கணக்கையும் தரையிலேயே திரும்பத் திரும்ப ஓட்டுங்கள். புரொப்பெல்லரின் சுழற்சித் தளத்தில் ஒருவரும் நிற்கக் கூடாது. பேட்டரி கால்பங்குக்கு இறங்கிய பிறகு, சூடாக இருக்கும்போதே, ஒருமுறை முழு விசை கொடுத்து இரண்டு நிமிடம் பிடியுங்கள். இறங்க வந்து, முடியாமல் மீண்டும் ஏற வேண்டிய நிலை அதுதான். வோல்ட்டேஜ் சரிவதும் கண்ட்ரோலர் வெட்டுவதும் அந்த இரண்டு நிமிடத்தில்தான் வெளியே வரும்.

சட்டமும் உண்டு. அமெரிக்காவில் 115 கிலோவுக்குக் குறைந்த ஒற்றையாள் விமானத்துக்குப் பதிவோ லைசென்ஸோ வேண்டாம். ஜெட்சன் போன்றவை அந்த வாசலில்தான் நுழைகின்றன. இங்கே அந்த வாசல் இல்லை. ட்ரோன் விதிகள் ஆள் ஏறாதவற்றுக்கு மட்டும். உங்களுடையதற்கு விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.வின் பதிவும், பறக்கும் அனுமதியும், ஓட்டுகிறவருக்கு உரிமமும் வேண்டும். கட்டி முடித்துவிட்டுப் போய் நிற்காதீர்கள், வரைபடம் கையில் இருக்கும்போதே அவர்களிடம் பேசுங்கள்.

அக்கா மகனிடமிருந்து இறக்கையின் நீளம், வெற்று எடை, நேர்ப்பறப்பு வேகம் இந்த மூன்றையும் எழுதி வாங்கி அனுப்புங்கள். உங்கள் வண்டிக்கே உரிய கணக்கைப் போட்டுத் தருகிறேன். அதுவரை அந்த மோட்டாருக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம்.